தண்ணீர் பிடிக்கிற நேரமும் இடுப்பு வலியும்

கேள்வி: வயது 43. டோம்பிவிலியிலிருந்து மும்பை ஃபோர்ட்டில் உள்ள அலுவலகத்துக்கு தினமும் லோக்கல் ரயில். இரண்டு வருஷமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எல்4-எல்5 இடத்தில், அதாவது இடுப்புப் பகுதியின் கடைசி இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே, ஜவ்வு பிதுங்கியிருக்கிறதாம். பெல்ட் இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. காலையில் எழுந்ததும் தண்ணீர் பிடிக்கக் குனிந்தால் உயிர் போகிறது. மாமியார் கட்டாந்தரையில் படுக்கச் சொல்கிறார். உடற்பயிற்சி செய்தால் ஜவ்வு இன்னும் விலகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி

பதில்: பயப்படாதீர்கள். மாட்டுங்காவில் என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்கள் பலரும் அந்த எம்.ஆர்.ஐ. கவரை மார்போடு அணைத்தபடிதான் உள்ளே வருவார்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை 2015-ல் தொகுத்துப் பார்த்தபோது, 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு ஜவ்வு பிதுங்கித்தான் இருந்தது. எனவே படத்தில் பிதுக்கம் தெரிவதாலேயே உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

காலை வலிக்கு வருகிறேன். இரவு படுத்திருக்கும்போது ஜவ்வு நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அதன்மேல் அழுத்தம் அதிகம். நம் ஊரில் குழாயில் தண்ணீர் வருவதும் சரியாக அப்போதுதான்! 15 லிட்டர் வாளி என்றால் 15 கிலோ. மோரியில் (தண்ணீர் புழங்கும் இடத்தில்) ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் வாளியை வையுங்கள். குழாயில் ரப்பர் டியூப் மாட்டி, அரை வாளி மட்டும் பிடியுங்கள். தூக்கும்போது பின்புறத்தைப் பின்னால் தள்ளி, முட்டியை மடக்கி, வாளியை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் இடுப்பு இருக்கிறதல்லவா, அவர்களும் தூக்கட்டும். குனிவது குற்றமில்லை, அந்த ஒரு மணி நேரம் மட்டும் சலுகை.

பயிற்சியைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். கைகளையும் முட்டிகளையும் தரையில் ஊன்றி, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நேராக நீட்டி, 8 விநாடி நிறுத்தி இறக்குங்கள். அப்புறம் பக்கம் மாற்றுங்கள். காலை முதுகுக்கு மேலே தூக்கக் கூடாது. இடுப்பின்மேல் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்துக்கொள்ளுங்கள். தட்டு சரிந்தால் இடுப்பு ஆடுகிறது, காலை இன்னும் தாழ்த்த வேண்டும். பக்கத்துக்கு 5 முறை போதும். மறுநாள் லேசாக வலித்தால் விட்டுவிடாதீர்கள், எண்ணிக்கையைக் குறைத்துச் செய்யுங்கள்.

சிஎஸ்எம்டி ரயில் நிலையத்தில் இறங்கி ஷேர் டாக்ஸிக்கு நிற்காமல் நடந்தே போங்கள். வலி குணமானவர்களை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு 2024-ல் வெளியானது. நடந்தவர்களுக்கு வலி திரும்ப சராசரியாக 208 நாள் ஆனது, நடக்காதவர்களுக்கு 112 நாள்தான்.

நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமாக பெல்ட் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொல்லிவிட்டது. முதலில் வீட்டில் கழற்றுங்கள், ரயில் கூட்டத்தில் கடைசியாகக் கழற்றலாம். கட்டாந்தரையும் தேவையில்லை. ரொம்பக் குழையாத மெத்தை போதும் என்று மாமியாரிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

சிறுநீர் கட்டுப்படாமல் போனால் அல்லது வராமல் அடைத்துக்கொண்டால், தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனால், கால் வலுவிழந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.