‘பிளே’ படுத்தும் பாடு: சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருவோருக்கான கேள்வி பதில்

கே: தைவானின் தலைநகர் தாய்பேயில் இருக்கும் ஒருவருக்கு இணையவழியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ‘பிளே’ (play) என்ற சாதாரணச் சொல்லில் ஏன் இவ்வளவு தடுமாறுகிறார்?

ப: அவர் பேசும் சீன மொழியில் கையும் காலும் வாயும் என்ன செய்கின்றனவோ அதற்கேற்ப வினை மாறும். கூடைப்பந்துக்கு ‘தா’, அதாவது அடிப்பது. கால்பந்துக்கு ‘தீ’, உதைப்பது. பியானோவுக்கு ‘தான்’, வயலினுக்கு இழுப்பதைக் குறிக்கும் ‘லா’, புல்லாங்குழலுக்கு ஊதுவதைக் குறிக்கும் ‘சுவேய்’. சதுரங்கம் என்றால் ‘ஷியா’. பாட்டுப் போட ‘ஃபாங்’, மேடையில் நடிக்க ‘யென்’. நாமும் வீணையை மீட்டி, சங்கை ஊதி, பறையை அடிக்கிறவர்கள்தானே!

இத்தனையும் ‘பிளே’யில் அடங்கும் என்பதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். எங்கே நிறுத்துவது என்பதில்தான் சிக்கல். தை சி என்ற சீன உடற்பயிற்சிக்கும் அவர்களிடம் ‘தா’தான். அதனால் ‘பிளே தை சி’ என்பார். ஆங்கிலத்தில் அதற்கு ‘டூ’ (do).

கே: ‘ஐ பிளேய்ட் மை ஃபோன்’ என்று எழுதுகிறான் பையன்.

ப: சீனத்தில் விளையாடுவதைக் குறிக்கும் ‘வான்’ போட்டுச் சொல்வதை அப்படியே தூக்கி வைத்திருக்கிறான். ‘ஐ வாஸ் ஆன் மை ஃபோன்’ என்று மாற்றிக் கொடுங்கள், போதும்.

கே: வேலைக்குப் போகும் மாணவி, ஞாயிற்றுக்கிழமை நண்பரோடு ‘பிளே’ பண்ணியதாகச் சொல்கிறார்!

ப: சிரிக்காதீர்கள். வீட்டுக்கு வந்து போங்கள் என்று பெரியவர்களை அழைக்கவும் ‘வான்’ வரும். ஆங்கிலத்தில் குழந்தைகள்தான் அப்படிச் சொல்வார்கள். பெரியவர்கள் சொன்னால் விரசமாகக்கூட ஒலிக்கும். ‘ஹேங் அவுட்’ என்பதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

கே: எல்லா அர்த்தத்தையும் ஒரே அட்டவணையாகத் தர முடியுமா?

ப: தரமாட்டேன். அட்டவணையைப் படித்தவர் அட்டவணையைத்தான் ஒப்பிப்பார். வாக்கியமாகக் கொடுங்கள்.

கே: பியானோவுக்கு முன் ‘த’ (the) கட்டாயமா?

ப: வாத்தியம் என்றால் ‘த’ போடுங்கள், பந்தாட்டம் என்றால் வேண்டாம். சீனத்தில் ‘அ’ (a), ‘த’ போன்றவை கிடையாது என்பதால் இரண்டிலும் மாற்றிப் போடுவார்கள்.

கே: தவறு. ஜாஸ்காரர்கள் ‘ஷி பிளேஸ் கிட்டார்’ என்றுதான் சொல்கிறார்கள்.

ப: சொல்கிறார்கள். குழுவில் யாருக்கு எந்த வாத்தியம் என்று பேசும்போது ‘த’ உதிர்ந்துவிடும். அமெரிக்கர்களிடம் இது சகஜம்.

கே: அப்போ விதியே பொய்தானே? ஏன் சொல்லித் தர வேண்டும்?

ப: பொய்யில்லை, பாதுகாப்பான வழி. உங்கள் மாணவர் சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவ் எழுதப் போகிறவராக இருக்கலாம். அதில் ஆங்கிலத்துக்கு மட்டும் 150 மதிப்பெண். திருத்துகிறவரிடம் போய் ஜாஸ் பற்றி வாதாட முடியாது. பல்கலைக்கழகம் போனபின் கிட்டாரை எப்படி வேண்டுமானாலும் வாசிக்கட்டும்.

கே: சீனர்களின் இரண்டு தந்தி வாத்தியமான எர்ஹுவுக்கும் ‘த’ உண்டா?

ப: வாத்தியம்தானே? உண்டு.

கே: அட்டவணை இல்லாவிட்டால் பட்டியலாவது...

ப: அட்டவணை பற்றி மேலே சொன்னதைப் படியுங்கள்.

கே: மாண்டரின் சீனம் கற்க நல்ல செயலி எது?

ப: என் துறை இல்லை.

கே: ஸ்டீயரிங்கில் பிளே இருக்கு என்கிறாரே மெக்கானிக், அதுவும் இதே சொல்லா?

ப: அதேதான். பாகங்கள் இறுக்கமாக இல்லாமல் கொஞ்சம் ஆடுவது. இங்கே ‘வான்’ ஒட்டாது, இடைவெளியைக் குறிக்கும் வேறு சொல்லைப் போடுவார்கள். மாணவர் ஆலைப் பொறியாளர் என்றால் பியானோவுக்கு முன்பே இதைச் சொல்லிக் கொடுங்கள்.