பதில்: குண்டுக் காயத்தில் கொதிக்கும் எண்ணெய் எதற்கு?
1540-இல் நடக்கும் கதை எழுதும் நீங்கள், அந்தக் காலத்து மருத்துவர்கள் துப்பாக்கிக் குண்டுக் காயத்தில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றியது ரத்தத்தை நிறுத்தவா என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்தத்தை நிறுத்த அல்ல, விஷத்தை முறிக்கத்தான். வெடிமருந்து காயத்தை நஞ்சாக்குகிறது என்று இத்தாலிய மருத்துவர் ஜொவான்னி தா வீகோ 1514-இல் எழுதியிருந்தார். அதனால்தான் எல்டர் என்ற ஐரோப்பியக் குறுமரத்தின் எண்ணெயைக் கொதிக்கக் கொதிக்கக் காயத்தில் விட்டார்கள். உங்கள் கதையின் மருத்துவர் ரத்தத்தை அடக்க எண்ணெய் ஊற்றுகிறார் என்றால், அந்த இடத்தை மாற்றிவிடுங்கள்.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்றால், கை கால் வெட்டிய இடத்தில் ரத்தத்தை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவார்கள். அது வேறு வேலை. இரண்டையும் மாற்றப் பாடுபட்டவர் ஆம்ப்ருவாஸ் பாரே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் என்பதால் கலந்துபோகிறது.

நீங்கள் படித்த குறிப்பில் ஊர்ப் பெயரைப் பாருங்கள். இத்தாலியின் டூரின் போர் என்றால் எண்ணெய்க் கதை. டாம்வில்லேர் முற்றுகை, 1552 என்றால், சுடுவதற்குப் பதிலாக ரத்தக்குழாயை நூலால் கட்டிய கதை.

டூரினில் எண்ணெய் தீர்ந்துபோனது. முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் குழைத்துப் பூசினார் பாரே. எண்ணெய் படாதவர்கள் செத்துக் கிடப்பார்களோ என்று அன்றிரவு அவருக்குத் தூக்கமே இல்லை. விடிவதற்குள் எழுந்து போய்ப் பார்த்தால், களிம்பு பூசியவர்கள் வலி குறைந்து, வீக்கமில்லாமல் தூங்கியிருந்தார்கள். எண்ணெய் ஊற்றப்பட்டவர்களுக்குக் காய்ச்சலும் கடும் வலியும், காயத்தைச் சுற்றி வீக்கமும். அந்த விடிகாலையை அவசியம் எழுதுங்கள், அவ்வளவு உயிருள்ள காட்சி.

ஒன்று மட்டும் கவனம். டூரின் சம்பவத்தின் ஆண்டை 1536 என்றும் 1537 என்றும் இரண்டு விதமாகப் போடுகிறார்கள். பாரே இதை அச்சில் வெளியிட்டது 1545-இல்தான். அதனால் 1540-இல் நடக்கும் உங்கள் கதையில் மற்ற மருத்துவர்கள் எண்ணெயையே நம்பியிருப்பது சரிதான்.