அலைச்சேற்றில் பாக்காவ் நடலாமா?

கேள்வி: பட்டர்வொர்த்துக்கு வடக்கே, தெலுக் ஆயர் தாவார் கரையோரம் எங்கள் தாமான். செப்டம்பர் பிறந்தால் பறவைகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. ஒரு நிறுவனம் பணம் தர முன்வந்திருக்கிறது. எங்கள் கோயில் இளைஞர் குழு அந்தச் சேற்றில் பாக்காவ் (கண்டல், அலையாத்தி மரம்) கன்று நட்டுப் பறவைகளுக்கு உதவ நினைக்கிறது. யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? யாரைச் சேர்த்துக்கொள்ளலாம்?

பதில்: அனுமதிக்கு அலையும் முன் திட்டத்தை மாற்றுங்கள். உங்கள் கரைக்கு வரும் கோட்டான் (ஆந்தையல்ல, கர்லூ), மூக்கன், உப்புக்கொத்தி, பச்சைக்காலி எல்லாம் நீர் வற்றியதும் திறந்த சேற்றைக் கிளறிப் புழுவும் நண்டும் தின்பவை. நாலாபுறமும் கண்ணுக்கு எட்டினால்தான் இறங்கும். அங்கே மரம் வளர்ந்தால் அவற்றுக்கு இரை போச்சு. கன்றும் பிழைக்காது: சராசரிக் கடல்மட்டத்துக்குக் கீழே நட்டால் நாளில் பெரும்பொழுது மூழ்கிக் கிடந்து, கொட்டலசு என்னும் ஓட்டு உயிர் அப்பி, அலையில் சாய்ந்துவிடும். 2004 சுனாமியில் நம் நாட்டு உயிரிழப்பில் பெரும்பங்கு பினாங்கில்தான். அதன்பின் கரையைக் காக்கக் கண்டல் நடும் ஆர்வம் புரிகிறது. நட்டே ஆகவேண்டுமென்றால், முன்பு கண்டல் இருந்து அழிந்த இடமாகப் பாருங்கள். பல இடங்களில் வரப்பை உடைத்து அலைநீரை உள்ளே விட்டாலே போதும். அருகில் தாய்மரம் இருந்தால் கன்று தானாக முளைக்கும்.

பறவைகளுக்கு உண்மையில் தட்டுப்பாடு வேறு இடத்தில். நீர் ஏறிச் சேறு மறைந்ததும் சில மணி நேரம் அவை ஒதுங்கியாக வேண்டும். மணல்திட்டு, கைவிட்ட இறால் குளம், மண் கொட்டி நிரப்பிய காலிமனை, எது திறந்து கிடக்கிறதோ அங்கே போகும். சேறு மாநில அரசுக்குச் சொந்தம். ஒதுங்கும் இடமோ பெரும்பாலும் தனியார் நிலம். பாதுகாப்புத் திட்டங்கள் கோட்டை விடுவது இங்கேதான்: சேற்றைக் காத்துவிட்டு, பக்கத்து மனையில் கட்டடம் எழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே முதல் வேலை அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய அலை நாட்களில், உச்ச அலைக்கு (கடல்நீர் முழுதும் ஏறும் நேரத்துக்கு) இரண்டு மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். இனவாரியாக எண்ணி, நாள், நேரம், நிலத்தின் லாட் எண்ணோடு பதிவு செய்யுங்கள். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை மாதம் ஒருமுறையாவது வேண்டும். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் மலேசிய இயற்கைச் சங்கத்தின் வழியாகச் சேரலாம். ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் 1 விழுக்காடு ஓரிடத்தில் முறையாகத் தங்கினால், ராம்சார் (ஈரநிலங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கை) அளவுகோலில் அது பன்னாட்டு முக்கியத்துவம் பெறும். உலகில் 2,000-க்குள் என மதிப்பிடப்படும் நார்ட்மன் பச்சைக்காலிக்கு 20 பறவை போதும். தெலுக் ஆயர் தாவார் – கோலா மூடா கரை ஏற்கெனவே முக்கியப் பறவைப் பகுதியாக அடையாளம் காணப்பட்டது; ஆனால் அதிகாரியை அசைப்பது லாட் எண் போட்ட கணக்குதான்.

கூட்டாளிகளில் முதலில் மீனவர்கள். தினமும் சேற்றில் இறங்குபவர்கள் அவர்களே. 'பாதுகாப்பு' என்றதும் கெராங் (சேற்று மட்டி) பொறுக்கத் தடை வரும் என்று அஞ்சுவார்கள். கட்டுப்பாடு உச்ச அலை நேரத்துக்கும் ஒதுங்கும் இடத்துக்கும் மட்டுமே என்பதை எழுத்தில் கொடுங்கள். அடுத்து நில உரிமையாளர்: பருவம் தொடங்குமுன் புல்லை வெட்டுவது, குளத்து நீரை 10 சென்டிமீட்டருக்குள் வைப்பது, நாய், டிரோன், புகைப்படக்காரர்களை 200 மீட்டர் தள்ளி நிறுத்துவது. நிறுவனத்தின் பணம் இதற்கும் ஒரு தொலைநோக்கிக்கும் போகட்டும். கரை அணைக்கு வடிகால் நீர்ப்பாசனத் துறை, பறவை பிடிப்போர் தொல்லைக்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் என அணுகுங்கள்.

செபராங் பிறை மாநகர் கழகத்திடம் வெறும் மனு கொடுத்தால் நன்றிக் கடிதம்தான் வரும். உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வரும் காலத்தைத் தவறவிடாதீர்கள். 1976 நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி எழுத்துமூலம் ஆட்சேபிக்கக் குறைந்தது நான்கு வாரம் உண்டு. அந்த லாட்டைச் சுற்றுச்சூழல் உணர்திறன் பகுதியாக, அதாவது கே.எஸ்.ஏ.எஸ். ஆகக் குறிக்கக் கேளுங்கள். திட்டத்தில் ஒருமுறை வீட்டுமனை என்று நிறம் பூசிவிட்டால் பிறகு மாற்றுவது குதிரைக்கொம்பு.

நிறுவனத்தார் படம் எடுக்க நாள் கேட்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் புல் வெட்டும் நாளைக் கொடுங்கள். செப்டம்பர் பிறந்தபின் வேண்டாம்.