மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு எந்த எண்ணெய் நல்லது?

சங்கிலி எண்ணெய் என்பது இரும்புப் பாகங்கள் உரசித் தேயாமலும் துருப்பிடிக்காமலும் காக்கும் மெல்லிய படலம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் ஓட்டுபவர்களுக்கு எஸ்ஏஇ 90 (எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் தர எண்) கியர் எண்ணெயே போதும் என்பேன். கிரீஸ் கெட்டியானது, இடுக்குக்குள் இறங்காமல் வெளியிலேயே ஒட்டி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் வழியும் தலையோடு புழுதியில் நடந்தால் முடி என்ன ஆகும்? அதேதான். அந்தக் கறுப்புச் சேறு அரம்போலப் பல்சக்கரத்தை அராவிவிடும்.

ஓட்டி வந்ததும், எஞ்சினை அணைத்துவிட்டு (விரல் முக்கியம்!), வெதுவெதுப்பான சங்கிலியின் உட்புறத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, சற்று நேரம் கழித்து மிச்சத்தைத் துடையுங்கள். மழையில் நனைந்தால் மறுபடியும் விடுங்கள்.

ரப்பர் வளையமுள்ள சங்கிலிக்குள் கிரீஸ் அடைத்திருப்பதால் எண்ணெயே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வெளியிலுள்ள உருளைகளுக்கும் வளையங்களுக்கும் எண்ணெய் கட்டாயம் வேண்டும்.