இரவில் வந்து பகலில் மறையும் அலை

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன் நான். இருட்டிய பிறகு லயத்து வாசலில் வானொலியைத் திருகினால் கடல் கடந்த தமிழ் நிலையங்கள் கேட்கும். காலைப் பெரட்டு முடிவதற்குள் மறைந்துவிடும். பின்னாளில் இராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவிலும் பகலுக்கு ஓர் அலைவரிசை, இரவுக்கு ஓர் அலைவரிசை என்றே கொடுத்தார்கள். இது ஏன்? ரேடாரையும் வானம் இப்படி ஆட்டிவைக்குமா?

பதில்: லயத்து வாசலில் நீங்கள் கேட்டதற்கும் படையில் கண்டதற்கும் காரணம் ஒன்றே. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கும் அயனி மண்டலத்தில், சூரியக் கதிர்கள் காற்றணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. அதன் அடியடுக்கு பகலில் தாழ்ந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும்; பொழுது சாய்ந்ததும் அது கலைந்துபோக, மிக உயரத்திலுள்ள மேலடுக்கு மட்டும் எஞ்சி நின்று அலைகளைத் தரைக்குத் திருப்புகிறது. அம்மேலடுக்கும் இரவில் மெலிவதால், பகலில் நன்றாகத் திரும்பிய உயர்ந்த அலைவரிசை அதைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். காட்டில் வானொலியின் ஏரியல் கம்பியைத் தாழக் கட்டி அலையை நேர் மேலே அனுப்பினால், மலைக்கு அப்பாலுள்ள முகாமிலும் அது குடை விரித்தாற்போல் வந்து இறங்குவது இந்த அடுக்கின் தயவால்தான்.

விமானங்களைத் தேடும் சாதாரண ரேடாரின் அலைவரிசை மிக உயர்ந்தது. அதன் இலக்கும் அயனி மண்டலத்துக்குக் கீழேயே இருப்பதால் அதற்குப் பாதிப்பு இல்லையென்றே சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் ஜிண்டாலி ரேடாரோ சிற்றலையை இம்மண்டலத்தில் பட்டுத் திரும்பச் செய்து, 1,000 முதல் 3,000 கிலோமீட்டர் தொலைவு வரை, அடிவானத்துக்கு அப்பாலும் பார்க்கிறது. மண்டலம் நிலைகுலைந்தால் அதன் பார்வையும் குலையும்.

1967 மே 23-இல் அலாஸ்கா, கிரீன்லாந்து, இங்கிலாந்து ஆகிய இடங்களிலிருந்த அமெரிக்க ஏவுகணை எச்சரிக்கை ரேடார்கள் மூன்றும் ஒரே நேரத்தில் தடுமாறின. சோவியத் நாட்டின் சதியோ என்று ஐயுற்று விமானங்களை ஆயத்தப்படுத்தும் அளவுக்கு நிலைமை முற்றியபோது, இது சூரிய வெடிப்பின் வேலை என்று சூரியனைக் கண்காணித்து வந்த படைப் பிரிவினர் உரிய நேரத்தில் தெரிவித்தனர். அன்று ரேடார்களைத் திணறடித்தது சூரியன் நேரடியாகப் பொழிந்த வானொலி இரைச்சல் என்பதால், அந்தப் பழியை அயனி மண்டலத்தின் மேல் போடுவதற்கில்லை.

நம் பக்கத்துத் தொல்லை வேறு வகையானது. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோடு நமக்குச் சற்று வடக்கே, தென் தாய்லாந்து வழியாகச் செல்கிறது. அதனையொட்டிய வானத்தில், சூரியன் மறைந்த பின் எலக்ட்ரான் அடர்த்தி குறைந்த குமிழிகள் மேலெழுகின்றன. அவற்றின் ஊடே வரும் செயற்கைக்கோள் சமிக்ஞை, அனல் மேல் தெரியும் காட்சிபோல் நடுங்கும். சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில், அதிலும் பங்குனி, புரட்டாசி மாதங்களையொட்டி, இது மிகும். அப்போது இராணுவத்தின் செயற்கைக்கோள் வானொலி மட்டுமன்றி, நம் கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸும் முன்னிரவில் சற்றுத் தடுமாறக்கூடும்.