பூசணிக்காயும் குளிசையும்

கேள்வி: பத்து வருடமாகச் சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறேன். பூசணிக்காய் இனிப்பு, தொடவே கூடாது என்கிறார் மனைவி. கைத்தொலைபேசியில் வந்த காணொளியோ, பச்சைப் பூசணிச் சாற்றை வெறும் வயிற்றில் 40 நாள் குடித்தால் குளிசையை நிற்பாட்டலாம் என்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர் ஒருவர், கோண்டாவில்

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். குளிசையும் தொடரட்டும், பூசணிக்காயும் தொடரட்டும்.

முதலில் மனைவியாரின் பயம். நூறு கிராம் பூசணிக்காயில் 91 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். செரித்துச் சீனியாக மாறும் காபோவைதரேற்று ஆறரைக் கிராம், சக்தி 26 கலோரி. அதே நூறு கிராம் சோற்றில் காபோவைதரேற்று ஏறத்தாழ 28 கிராம். பூசணி நாக்குக்கு இனிக்கிறது, சோறு இனிப்பதில்லை. இரத்தத்தில் எது சீனியை ஏற்றும் என்பதை நாக்கு சொல்லாது. இனிப்புக்குப் பயந்து பூசணிக்கறியை ஒதுக்கிவிட்டு, இன்னும் இரண்டு அகப்பை சோறு போடுகிற வீடுகள் நம்மிடம் ஏராளம். சோறு குத்தரிசியாக இருந்தாலும் கணக்குப் பெரிதாக மாறாது.

இந்தப் பயத்துக்கு ஒரு அச்சடித்த ஆதாரமும் உண்டு. ஒரு உணவு இரத்தத்தில் சீனியை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதைக் காட்டும் கிளைசீமிக் சுட்டெண், பூசணிக்கு 75 என்று சில பட்டியல்களில் இருக்கும். அது வழமையாக 50 கிராம் காபோவைதரேற்று உள்ள அளவைக் கொடுத்துப் பார்க்கும் கணக்கு. பூசணியில் 50 கிராம் சேர முக்கால் கிலோவுக்கு மேல் வேண்டும். ஒருவர் ஒரு நேரத்தில் சாப்பிடுவது நூறு, நூற்றைம்பது கிராம்.

இனிக் காணொளி. பூசணியின் உண்மையான பலம் அதன் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. அந்த நிறத்தைத் தருவதும் உடலில் விற்றமின் ஏ-ஆக மாறுவதுமான பீற்றா கரோட்டீன் நூறு கிராமில் ஏறத்தாழ 3100 மைக்கிரோகிராம். இதையும் மற்றக் கரோட்டீன்களையும் சேர்த்தால் 400 மைக்கிரோகிராமுக்கு மேற்பட்ட விற்றமின் ஏ-க்குச் சமம். ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 700, ஆணுக்கு 900 போதும். மாலைக்கண் வராமல் காப்பதும் தோலையும் எதிர்ப்புச் சக்தியையும் பேணுவதும் இந்த விற்றமின்தான். ஆனால் கரோட்டீன் கொழுப்போடு சேர்ந்துதான் குடலில் உறிஞ்சப்படும். அவித்தால் இன்னும் இலகு. வெறும் வயிற்றில் குடிக்கும் வடித்த பச்சைச் சாற்றில் கொழுப்பும் இல்லை, அது வேகவும் இல்லை, நார் முழுவதும் சக்கையோடு போய்விடும். சாற்றை நம்பிக் குளிசையை விட்டால் சீனி எகிறும். அது சிறுநீரகத்தையும் கண்ணையும் கெடுக்கும் வரை உங்களுக்கு நோவு எதுவும் தெரியாது.

ஆக, எங்கள் பால்கறிதான் சரியான முறை. நாலு பேருக்கு அரைக்கிலோ பூசணி. முற்றிய காயின் தோலைச் சீவ வேண்டாம், கழுவினால் போதும். துண்டு கரையாமல் பிடித்து நிற்பது தோலால்தான். ஒன்றரை அங்குலத் துண்டுகளாக வெட்டித் தோல் கீழே படும்படி சட்டியில் அடுக்குங்கள். சின்ன வெங்காயம் ஆறு, பச்சைமிளகாய் மூன்று, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை. துண்டுகளின் பாதி உயரத்துக்கு மட்டும் தண்ணீர். முழுக்க மூடினால் கூழாகிவிடும். மூடி, நடுத்தர நெருப்பில் எட்டுப் பத்து நிமிடம். பிறகு உப்பு, கால் கோப்பை தேங்காய் முதற்பால், ஒரு கொதி, இறக்கிவிடுங்கள். முதற்பாலை முதலிலேயே விட்டால் திரைந்து எண்ணெய் பிரியும். அகப்பையால் கிளற வேண்டாம், சட்டியைக் காதில் பிடித்து ஆட்டினால் போதும். சிலர் கடைசியில் ஒரு கரண்டி சீனி போடுவார்கள். அங்கேதான் மனைவியார் குரல் கொடுக்க வேண்டும்!

இந்தக் கறியோடு சாப்பிடும் நாளில் உருளைக்கிழங்குக் கறி வேண்டாம், சோற்றில் ஒரு அகப்பை குறையுங்கள். சந்தேகம் இருந்தால் சீனி பார்க்கும் கருவி இருக்கிறதே: முதல் கவளத்திலிருந்து இரண்டு மணித்தியாலம் கழித்து ஒருநாள் பூசணியோடும் இன்னொருநாள் அது இல்லாமலும் பாருங்கள், இரண்டு நாளும் ஒரே அளவு சோற்றோடு. 180க்கு (mg/dL) மேல் போனால் அந்தக் குறிப்போடு கிளினிக்குக்குப் போங்கள்.

ஒருவருக்கு மட்டும் கவனம் வேண்டும். சிறுநீரகம் பழுதாகிப் பொற்றாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர், நூறு கிராமில் 340 மில்லிகிராம் இருப்பதை மறக்கக்கூடாது. நிறையத் தண்ணீரில் அவித்து வடித்து ஊற்றினால் குறையும், முற்றாகப் போகாது. அளவை வைத்தியரே சொல்லட்டும்.

தினமும் நிறையச் சாப்பிட்டு உள்ளங்கை மஞ்சளானால் செங்கமாரி என்று பதற வேண்டாம். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் அது கரோட்டீன். சில கிழமை குறைத்தால் மாறும். கண்ணும் மஞ்சளென்றால் அன்றே வைத்தியரிடம் போங்கள்.

விதையை எறியாதீர்கள். கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, இளநெருப்பில் வெடிக்கும் வரை வறுங்கள். பருப்பு 30 கிராமில் ஒன்பது கிராம் புரதம், நல்ல அளவு மகனீசியம், நாகம். கலோரியும் 165க்குக் குறையாது, ஆகவே ஒரு பிடியோடு நிறுத்துங்கள். பிறஷரும் இருந்தால் உப்புப் போட வேண்டாம்.

சந்தையில் காம்போடு உள்ள காயாக, நகம் இறங்காத தோலாகப் பார்த்து எடுங்கள். காற்றோட்டமான இடத்தில் இரண்டு மாதம் கிடக்கும். வெட்டிய துண்டானால் கடுஞ்செம்மஞ்சளாக இருக்க வேண்டும். அழுகல் விதையைச் சுற்றியுள்ள நடுச் சோற்றுப் பகுதியிலிருந்துதான் தொடங்கும், ஆகவே அதையும் விதையையும் வழித்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நாலு நாளுக்குள் முடிக்க வேண்டும். எந்தக் காயையும் சமைக்கமுன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் புதையுங்கள். கசப்புக்குக் காரணமான குக்கர்பிற்றசின் அவித்தாலும் போகாது, கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். மாட்டுக்கும் வைக்க வேண்டாம்.