அச்சுக்குள் அடைபடும் காற்று: வாசகர் கேள்வி – பதில்

உருகிய உலோகத்தை உலோக அச்சில் நிரப்பி உருப்படி வார்க்கும் டை காஸ்டிங் குறித்து வந்த கடிதங்களுள் நான்கிற்கு இந்த முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கோவையில் சிறிய பட்டறை நடத்துகிறேன். பம்ப் மோட்டாருக்கான எண்ட் கவரை இதுவரை எல்எம்6 என்னும் அலுமினியக் கலவையில் மணல் வார்ப்பாக எடுத்து வருகிறோம். மாதம் 400 உருப்படிகள் போகின்றன. பிரஷர் டை காஸ்டிங்கிற்கு மாறினால் விலை குறையும் என்று வாடிக்கையாளர் வற்புறுத்துகிறார். மாறலாமா?

பதில்: உருப்படி ஒன்றின் விலை குறையும் என்பது உண்மைதான். ஆனால் அச்சுக்கான செலவை யார் ஏற்பது என்பதை உங்கள் வாடிக்கையாளரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். பிரஷர் டை காஸ்டிங்கில், சுருக்கமாகப் பிடிசியில், உருகிய உலோகம் பேரழுத்தத்தில் அச்சுக்குள் தள்ளப்படுகிறது. அதற்கான அச்சு எச்13 வகைக் கருவி எஃகில் செதுக்கப்பட்டு, வெப்பப் பதனம் (ஹீட் ட்ரீட்மெண்ட்) செய்யப்பட்டு, குளிர்நீர்த் துளைகளும் வார்ப்பை வெளியே தள்ளும் எஜெக்டர் பின்களும் பொருத்தப்பட்டு வருவது; அதன் விலை பல லட்சம் ரூபாய் ஆகும். அலுமினியத்திற்கான அச்சு நல்ல பராமரிப்பில் சுமார் ஒரு லட்சம் ஷாட், அதாவது ஒரு லட்சம் முறை வார்ப்பதை, தாங்கும். நீங்கள் ஆண்டுக்கு எடுப்பது 4,800 உருப்படிகள். அப்படியானால் இருபது ஆண்டுகள் ஓடக்கூடிய அச்சுக்கு இன்றே பணம் கட்டுகிறீர்கள். அதற்குள் மோட்டாரின் வடிவமே இரண்டு முறை மாறிவிடக்கூடும்.

உங்கள் எண்ணிக்கைக்குக் கிராவிட்டி டை காஸ்டிங்தான் பொருத்தம் என்பது என் கருத்து. அதிலும் அச்சு உலோகத்தால் ஆனதுதான். ஆனால் உருகிய அலுமினியம் தன் எடையாலேயே இறங்கி நிரம்புவதால், அச்சு அத்தனை அழுத்தத்தைத் தாங்க வேண்டியதில்லை. செலவும் பெருமளவு குறைகிறது. உட்புறத்தில் வளைந்த பாதை வேண்டுமென்றால், அந்த வெற்றிடத்தின் வடிவில் மணலால் செய்த கோர் வைக்கவும் இடமுண்டு. பிடிசியின் வேகத்தையும் அழுத்தத்தையும் சாதாரண மணல் கோர் தாங்காது. வலு கூடுதலாக வேண்டுமென்றால் 7 விழுக்காடு சிலிக்கானும் சிறிதளவு மெக்னீசியமும் கொண்ட எல்எம்25 உலோகத்தை எடுத்து வெப்பப் பதனம் செய்துகொள்ளலாம்.

எண்ணிக்கை பத்து மடங்காகி, பிடிசிக்கே போக வேண்டிய நாள் வந்தால், இப்போதைய வரைபடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு அச்சு செய்பவரிடம் போக வேண்டாம். மணல் வார்ப்பில் 6 மில்லிமீட்டர் கனத்தில் இருக்கும் சுவரை 3 மில்லிமீட்டராகக் குறைத்து, இழந்த விறைப்பை விலா எலும்பு போன்ற ரிப்களால் ஈடுகட்ட வேண்டும்; அச்சிலிருந்து கழன்று வருவதற்காகச் சுவர்களுக்கு ஒன்று முதல் இரண்டு டிகிரி வரை சாய்வு கொடுக்க வேண்டும். உலோகமும் அநேகமாக எல்எம்6 ஆக இராது, ஏடிசி12 என்னும் டை காஸ்டிங் அலுமினியக் கலவை ஆகிவிடும். அதில் 1.5 முதல் 3.5 விழுக்காடு வரை செம்பு இருப்பதால் ஈரத்தில் அரிப்பைத் தாங்கும் திறன் எல்எம்6ஐ விடக் குறைவு. தண்ணீரோடு புழங்கும் பம்ப்புக்கு இது சிறிய விஷயம் அன்று. விலைப்பட்டியலில் மட்டும் இது தெரியாது.

கேள்வி: பாலிடெக்னிக்கில் படிக்கிறேன். ஹாட் சேம்பர் இயந்திரம் கோல்ட் சேம்பரை விட வேகமானது என்று பாடத்தில் உள்ளது. பிறகு ஏன் அலுமினியத்தை வேகம் குறைந்த கோல்ட் சேம்பரில் வார்க்கிறார்கள்?

பதில்: ஹாட் சேம்பரில் உலோகத்தைத் தள்ளும் பிளஞ்சரும், வாத்தின் கழுத்தைப் போல வளைந்த குழாயும் உருகிய உலோகத்திற்குள்ளேயே நாள் முழுவதும் மூழ்கிக் கிடக்கின்றன. துத்தநாகக் கலவை 380 டிகிரி செல்சியசை ஒட்டி உருகிவிடுவதோடு இரும்பை அவ்வளவாகத் தீண்டாது என்பதால் அந்த ஏற்பாடு நீடிக்கிறது. அலுமினியமோ 650 டிகிரிக்கு மேல் ஊற்றப்படுவது; அந்த நிலையில் அது இரும்பைக் கரைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பிளஞ்சரும் கெடும், உலோகமும் கெடும். ஆகவே உலையைத் தள்ளி வைத்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் வேண்டிய அளவு மட்டும் லேடிலால் மொண்டு, ஷாட் ஸ்லீவ் என்னும் உருளைக் குழாயில் ஊற்றி, உடனே பிஸ்டனால் தள்ளிவிடுகிறார்கள். இதுதான் கோல்ட் சேம்பர்.

அலுமினியத்தின் இந்த இரும்புப் பசியை அடக்க உலோகத்திலேயே ஒரு தந்திரம் உண்டு. டை காஸ்டிங் கலவையில் ஒரு விழுக்காட்டை ஒட்டி இரும்பை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். ஏற்கெனவே இரும்பு கலந்திருக்கும் அலுமினியம் அச்சு எஃகில் ஒட்டிக்கொள்வது குறைகிறது; அதற்கு விலையாக வார்ப்பின் நெகிழ்திறன் சற்றுக் குறைகிறது. பழைய அலுமினியத்தை உருக்கி ஏடிசி12 தயாரிப்பது எளிதாக இருப்பதற்கும் இரும்புக்கு உள்ள இந்தச் சலுகை ஒரு காரணம்.

கேள்வி: ஓசூரில் மெஷினிங் வேலை எடுத்துச் செய்கிறோம். ஏடிசி12 வார்ப்பு வெளியே கண்ணாடி போல வருகிறது. முகத்தை 2 மில்லிமீட்டர் சீவினால் ஊசிமுனை அளவுத் துளைகள் தெரிகின்றன, லீக் டெஸ்டில் உருப்படி தோற்கிறது. கடினமாக்கலாம் என்று டி6 வெப்பப் பதனம் செய்து பார்த்ததில் மேற்பரப்பு முழுவதும் கொப்புளம். வார்த்துத் தருபவர் எங்களைக் குறை சொல்கிறார். தவறு யாருடையது?

பதில்: உங்கள் இருவருக்கும் நடுவில் நிற்பது காற்று. அச்சின் குழி நிரம்ப எடுத்துக்கொள்ளும் நேரம் சில பத்து மில்லி விநாடிகளே. கேட் எனப்படும் குறுகிய வாயிலின் வழியாக உலோகம் நொடிக்கு 30 முதல் 60 மீட்டர் வேகத்தில் பீய்ச்சியடிக்கிறது. அந்த நேரத்திற்குள் குழியிலும் ஷாட் ஸ்லீவிலும் இருந்த காற்று முழுவதும் வெளியேற முடியாது; மிஞ்சியது உலோகத்திற்குள் நசுங்கிச் சிறு குமிழிகளாகத் தங்கிவிடுகிறது. அச்சைத் தொட்டவுடன் உறைந்த வெளித்தோல் மட்டும் அடர்த்தியாக இருக்கும். அதன் கனம் அரை மில்லிமீட்டர் அளவுதான். நீங்கள் சீவும் 2 மில்லிமீட்டர் அந்தத் தோலை முழுவதும் உரித்துவிட்டு, உள்ளே ஒளிந்திருந்ததை வெளிச்சத்திற்குக் கொண்டுவருகிறது. மெஷினிங்கிற்கான கூடுதல் கனத்தை அரை மில்லிமீட்டருக்குள் வைக்கும்படி வரைபடத்தைத் திருத்துவதே முதல் மருந்து. இது உங்கள் பக்கத்து வேலை.

கொப்புளத்திற்கும் அதே காற்றுதான் காரணம். டி6 பதனத்தில் உருப்படியை 500 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் வைக்கும்போது உலோகம் இளகுகிறது. பேரழுத்தத்தில் அடைபட்டிருந்த காற்று விரிந்து, பூரி உப்புவது போலத் தோலை உப்ப வைக்கிறது. சாதாரண பிடிசி வார்ப்பை டி6 செய்யக் கூடாது என்பது இத்தொழிலின் பால பாடம்; யாராவது முன்னரே சொல்லியிருக்கலாம். அந்தப் பதனம் இன்றியமையாதது என்றால் குழியிலிருந்து காற்றை முன்கூட்டியே உறிஞ்சும் வாக்யூம் டை காஸ்டிங், அல்லது உலோகத்தை மெதுவாக நிரப்பிப் பிறகு அழுத்தும் ஸ்குவீஸ் காஸ்டிங் பக்கம் போக வேண்டும். அதற்கேற்ற இரும்பு குறைந்த கலவையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். டெஸ்லா நிறுவனம் மாடல் ஒய் காரின் பின் அடிப்பகுதியை இத்தாலியின் இட்ரா நிறுவனம் செய்த, அச்சை 6,000 டன் விசையோடு மூடிப்பிடிக்கும் இயந்திரத்தில் வார்க்கத் தொடங்கியபோது, வெப்பப் பதனமே தேவைப்படாத ஒரு கலவையைத் தனக்கென உருவாக்கிக்கொண்டது. அவ்வளவு பெரிய வார்ப்பைச் சூடாக்கிக் குளிர்வித்தால் அது கோணிப்போகும் என்பது அதற்கு இன்னொரு காரணம்.

இனி வார்ப்பவர் பக்கம். ஒரு நாள் அவருடைய இயந்திரத்தருகே நின்று பாருங்கள். ஷாட் ஸ்லீவில் பாதிக்கும் குறைவாக உலோகம் ஊற்றப்படுகிறது என்றால் மீதி இடமெல்லாம் காற்றுதான். பிஸ்டன் முதலில் மெல்ல நகர்ந்து காற்றை முன்னால் தள்ளிவிட்டு, உலோகம் கேட்டை எட்டும் கணத்தில்தான் வேகம் எடுக்க வேண்டும். தொடக்கத்திலேயே பாய்ந்தால் ஸ்லீவுக்குள் அலை எழும்பிக் காற்றைச் சுருட்டிக்கொள்ளும். அச்சில் அடிக்கும் மசகுத் தெளிப்பு காயாமல் ஈரமாக இருந்தால் அதுவும் ஆவியாகி உள்ளே சேரும். கையிருப்பில் உள்ள உருப்படிகளைப் பிசின் செலுத்தித் துளையடைக்கும் இம்ப்ரெக்னேஷன் முறையில் மீட்டுக்கொள்ளலாம். கசிவு நிற்கும், வலு கூடாது.

கேள்வி: என் தாத்தா 1930களில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த உலோகப் பொம்மைக் கார் அலமாரியில் இருந்தபடியே வெடிப்பு விட்டு, சக்கரங்கள் உதிர்ந்து, தொட்டால் பிஸ்கட்டைப் போல நொறுங்குகிறது. துருவும் இல்லை. என்ன ஆயிற்று?

பதில்: அது துத்தநாக வார்ப்பு, அதற்கு வந்த நோய்க்குச் சேகரிப்பாளர்கள் ஜிங்க் பெஸ்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். துத்தநாகக் கலவையில் ஈயம், வெள்ளீயம், காட்மியம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று மிகச் சிறிதளவு கூடினாலும், காற்றின் ஈரம் படிகங்களின் எல்லைகள் வழியாக அரித்துக்கொண்டு உள்ளே போகும். அரிப்பு உண்டான இடம் பருக்கும், பருத்தால் வெடிக்கும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் 1929இல் 99.99 விழுக்காடு தூய்மையான துத்தநாகத்தை அடிப்படையாகக் கொண்டு ஜாமக் கலவைகளை உருவாக்கியது இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டத்தான். துத்தநாகம், அலுமினியம், மெக்னீசியம், செம்பு ஆகிய நான்கின் ஜெர்மன் பெயர்களுடைய முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் அது. இன்றைய ஜாமக் 3 கலவையில் 4 விழுக்காடு அலுமினியம் உண்டு. ஈயத்திற்கு அனுமதி 0.005 விழுக்காடு அளவே. குரோம் பூச்சு அழகாகப் பிடிக்கும் குழாய்க் கைப்பிடிகளும் ஜிப் இழுவைகளும் அதில்தான் வருகின்றன. இப்போதும் ஒரு பட்டறையில் யாராவது பற்றாசு (சால்டர்) ஒட்டிய துண்டையோ ஈயக் கழிவையோ துத்தநாக உலையில் போட்டுவிட்டால் அதே நோய் திரும்பி வரும்.

உங்கள் காரைக் குணப்படுத்த வழியில்லை. புதிதாக வண்ணம் பூசினால் அதனாலும் நிற்காது, பழைய வண்ணமும் போய்விடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உடன் வைத்து, மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் சிதைவு மெதுவாகும். பக்கத்தில் நல்ல நிலையில் இருக்கும் பொம்மைகளை அகற்ற வேண்டியதில்லை. பெயரைக் கேட்டுப் பலர் அஞ்சுவது போல் இது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றாது.